முப்பத்தேழாம் எண்

கிளீவ்லாந்தில் ஜனவரி.
ஆட்டம் முடிந்து பதினொன்றரைக்கு
என் சலவை மேசைக்கு வரும் சட்டைகள்.

மார்க்வெல் டன். இருபது வயது.
பத்து நாள் ஒப்பந்தம்:
எனக்கு அது இரண்டு வருடச் சம்பளம்,
முன்வரிசைக்காரனுக்கு
அரை மணி ஆட்டத்துக்கும் காணாது.

எட்டு நாளும் அவன் சட்டை
மடிப்புக் கலையாமல் திரும்பியது.
முகர்ந்தால் என் சோப்பு.

இன்று நனைந்திருக்கிறது.
நான்கு நிமிடம். பந்தைத் தொடவே இல்லையாம்;
பாய்ந்து வந்தவனுக்குக் குறுக்கே
சுவராய் நின்றானாம்,
இன்னொருவன் கூடையில் போட.
தாளில் பூஜ்யம்.
மார்பில், யாருடைய முழங்கையோ,
ஒரு காசளவு ரத்தம்.

பெயரைத் தைக்கச் சொல்லி
மேலிருந்து இன்னும் தகவல் இல்லை.
பசையில்தான் நிற்கிறது,
வெந்நீர் பட்டால் உரிந்துவிடும்.

ரத்தம் போகவும்
டன் போகாதிருக்கவும்
குழாயைக் குளிர்ந்த பக்கம் திருப்புகிறேன்.