எதிர்த்தரப்பு

ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர், பி.என். ரோடு.
மூன்றாம் மாடி கட்டிங் செக்‌ஷனை
ஒரு நாளைக்குச் சும்மா விட்டிருந்தார்கள்.
நீள மேசைமேல் துணிக்குப் பதில்
மாவட்ட வரைபடம்.
பதினாறு பேர்.
பயிற்சி தருகிற ஜெனோவாவுக்கு வயது இருபத்து நாலு.
எங்களுக்கும் அவளுக்கும் வித்தியாசம்
கழுத்தில் ஒரு விசில்.

முதல் வேலை வட்டம் போடுவது.
காம்பஸ் இல்லை. ஓவர்லாக் நூலில்
சாக்பீஸைக் கட்டி
ரயில் நிலையத்தில் கட்டைவிரலை ஊன்றினான் கிருத்திக்.
"சின்ன வட்டத்துக்குள்ள எதுவும் மிஞ்சாது" என்றாள் ஜெனோவா.
அதற்குள்தான் உட்கார்ந்திருந்தோம்.
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.

பிறகு காற்று.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து
ஆனி ஆடியில் கிழக்கே ஓடுகிற காற்று.
அதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
சாம்பல் போகும் வழியைச் சாய்வாகத் தேய்த்தோம்:
ஊத்துக்குளி, சென்னிமலை, காங்கயம்.
"அப்ப எங்க சோமனூர் தப்பிச்சுது" என்றான் நௌஷத்.
"மார்கழியில போட்டா?"
சாக்பீஸ் மேற்கே திரும்பியது.
வாய்க்கால் தண்ணிக்கு முறை வைப்பதுபோல
ஊர் ஊராகச் சண்டை பிடித்தோம், சிரிப்புகூட வந்தது.
காங்கயத்துக்காரி மட்டும்
விரலை எச்சிலில் தொட்டு
தன் ஊர்மேல் இருந்த வெள்ளையைத்
துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தக்காளிச் சாதம். அப்புறம் நாடகம்.
நான் அதிகாரி.
ஏழு பதில்கள் எழுதிய அட்டை ஒன்று தந்தார்கள்.
மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடத்தில்
என்னை அசைக்க வேண்டும்.
ஒரே விதி, கெஞ்சக் கூடாது.
வேண்டாம் என்பதை வேண்டாம் என்றே சொல்ல வேண்டும்.

அங்கேதான் மாட்டினோம்.
"அணுகுண்டு வேண்டாமுங்க" என்றான் கிருத்திக்.
விசில்.
"வேண்டாம்...ங்க."
விசில்.
பந்தியில் இரண்டாம் கரண்டி ரசத்துக்கு
இலைமேல் கை நீட்டி மறைக்கிற அதே குரல்.
ஒறம்பரை வீட்டில் பழகிய அந்தக் குரலை வைத்துக்கொண்டு
இதை எப்படி மறுப்பது?

நான் ஜெயித்துக்கொண்டே போனேன்.
"பக்கத்து நாட்டுக்காரன் வைத்திருக்கும்போது
நாம் மட்டும் கீழே வைக்கவா?"
அட்டையில் மூன்றாவது. இதிலேயே ஒன்பது பேர் விழுந்தார்கள்.
என் குரல் எனக்கே பிடித்திருந்தது.
கால்மேல் கால் எப்போது போட்டேன்
என்று தெரியவில்லை.

கடைசியாக சௌபர்ணிகா.
வாரத்தில் ஆறு நாள் செக்கிங் மேசை.
ஒரு நிமிடம் வாயே திறக்கவில்லை.
பிறகு, "ஏனுங்க சார்."
விசில். அவள் நிறுத்தவில்லை.
"ஒரு நாளைக்கு ஆயிரத்தி எரநூறு பீஸு பாக்கறனுங்க.
கண்ணு அசந்தா ஒண்ணு தப்பிருமுங்க.
ஓட்டையோட பொட்டிக்குள்ள போயிரும்.
பையர் திருப்பி அனுப்புவானுங்க,
சம்பளத்துல புடிச்சா அதோட முடிஞ்சுது.
அங்கயும் மனுசன்தானுங்க பாக்கறது?
அவன் அசந்து அனுப்புனது
யாருக்குங்க திரும்பி வரும்?"

ஐந்தாம் பதிலைத் தேடி எடுத்து வாசித்தேன்:
"எங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகள் பல அடுக்குகள் கொண்டவை."

அவள் சிரித்துவிட்டாள்.
"பையருக்கு நாங்களும் இதத்தானுங்க எழுதறது."

மதிப்பெண் போட்டார்கள்.
ஏழு 'ங்க' எண்ணியிருந்தார்கள்.
அட்டவணைப்படி வெற்றி எனக்கு.
யாரும் கை தட்டவில்லை, நானும் கேட்கவில்லை.
ஜெனோவா விசிலைக் கழற்றி
பிளாஸ்க் இருந்த பைக்குள் போட்டாள்.

குடிமங்கலம் பஸ்.
பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள்
எல்லாமே மேற்கே முகம் வைத்து.
அட்டை இன்னும் சட்டைப்பையில்.
அடுத்த ஞாயிறு அவள் அதிகாரி,
நான் எதிரே நிற்க வேண்டும்.
ஜன்னல் கம்பியிடம் சொல்லிப் பார்த்தேன்:
வேண்டாம்.
இன்னும் கொஞ்சம் சத்தமாக,
வேண்டாம்.

"பாக்கி ஆறு ரூவா வேண்டாமா தம்பி?"
கண்டக்டர் கையை நீட்டியபடி நின்றிருந்தார்.

"வேணுமுங்க" என்றேன்.