அளவுப் புத்தகம், பக்கம் பதினேழு

தொண்டிக்குத் தெற்கே
முள்ளிமுனைக்குப் பிரியும் சாலையில் இறங்கினோம்.
டேப்பின் ஒரு முனை என்னிடம்,
மறுமுனை கொத்தனார் சீனி நைனாவிடம்.
கமிட்டி எழுதிக் கொடுத்தது இவ்வளவே:
மெதடிஸ்டு சிற்றாலயத்துக்குப் பழுதுபார்ப்பு மதிப்பீடு.
ஒட்டிக்கிடக்கும் பள்ளி அறைக்கு
இடிப்பு மதிப்பீடு.
இடித்த இடத்தில் கார் நிற்கும்.

சிற்றாலயம்.
நீளம் நாற்பத்தொரு அடி, அகலம் பதினெட்டு.
கோபுரமில்லை.
மணி ஒரு காலத்தில் வேப்பமரத்தில் தொங்கியிருக்கிறது;
சங்கிலியின் மூன்று கண்ணிகளைக் கிளை விழுங்கிவிட்டது,
நான்காவது துருப்பிடித்து ஆடுகிறது.
உள்ளே, வடக்குச் சுவரை ஒட்டி, நட்டநடுவில் பிரசங்க மேடை.
ஏழு படி, தேக்கு.
ஐந்தாவது மட்டும் பூவரசு.
பேசுகிறவர் முகத்தில் சோழகம் அடிக்கத் தெற்கில் வாசல்,
கேட்கிறவர் வியர்வைக்குக் கச்சான் வர
மேற்கில் ஐந்து சன்னல்.
கடல் பக்கம் ஒரு துவாரமும் இல்லை.
கட்டியவர் எவரோ
உப்பை நன்றாக அறிந்தவர்.

சுவரை எச்சில் தொட்டுத் தேய்த்தார் நைனா.
"பவளப்பாறைங்க மேடம். மூளை மாதிரி வரி ஓடுது பாருங்க."
நகக்கண் அளவு சிப்பி ஒன்று
கல்லுக்குள் வாய் மூடி இருந்தது.
கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி.
எறும்புகள் மட்டும்
இன்னும் நம்பிக்கை இழக்காமல் வந்து பார்த்துப் போகின்றன.

பள்ளி அறை.
இருபத்துநான்குக்குப் பதினெட்டு. தரை ஓரடி தாழ்வு.
பனஞ்சட்டம், நாட்டு ஓடு,
மூன்றில் ஒரு பங்கு வானம்.
தெற்குச் சுவரில் கருப்புப் பூசிய பலகைப் பரப்பு;
கீழ்விளிம்பு என் முழங்காலுக்கு வந்தது.
கொத்தனார் தவறு என்று குறித்தேன்.
டேப் சுருண்டு விழ, எடுக்கச் சம்மணமிட்டபோது
சுவர் சரியாக என் கைக்கு எட்டியது.
எழுதியதை அடித்தேன்.

இந்தப் பலகைக்கு நேர் பின்னால்தான் அந்த மேடை.
ஒரே சுவரின் இரண்டு பக்கம்.
கனம் அளந்தோம்.
சிற்றாலயத்தின் மூன்று சுவர்கள் இரண்டடி,
இது ஒன்றரை.
பள்ளிச் சுவர்கள் நான்கும் ஒன்றரை.

மறுபடி அளங்கள் என்றேன்.
மறுபடியும் ஒன்றரை.

வாசல் கல்வெட்டோ
'தேவாலயமும், அதனோடு சேர்த்த பள்ளிக்கூடமும்' என்கிறது.
நைனா வெளியே போய்
இரண்டு கட்டடமும் முட்டும் மூலையில் சுரண்டினார்.
ஒரு கல்லும் மறு கல்லைக் கோத்துப் பிடிக்கவில்லை.
மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல் ஒரு பிளவு,
அதில் விரலை விட்டால்
உள்ளே, ஆலயத்துக் கல்லுக்குப் பின்னால்,
பள்ளியின் வெள்ளையடிப்பு.
காய்ந்து, வழுவழுத்து,
சில மழைக்காலம் வெளியே நின்ற வெள்ளை.

அதில், இடுப்பளவு உயரத்தில்,
ஆணியால் கீறிய 'மு'.
அடுத்த எழுத்தின் ஒரு கால் தெரிகிறது.
மீதியின் மேல் ஆலயம் நிற்கிறது.

"முனியாண்டியா இருக்கும்" என்றேன்.
"முகைதீனாவும் இருக்கலாமே" என்றார் நைனா,
தூளை ஊதியபடி.
பெண்பிள்ளைகளும் படித்தார்களா என்று
கேட்க ஆளில்லை.

செயலர் ஏனோக்கு ராசையாவுக்குப் போன் போட்டேன்.
பள்ளியை எடுத்தால், ஐயா,
கோவிலுக்கு நான்காவது சுவர் கிடையாது.
அது அவர்களுடையது, நாம் சாய்ந்து கட்டியிருக்கிறோம்.

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
ரொம்ப நேரம்.

"அப்போ கார எங்கம்மா நிறுத்துறது?"

அளவுப் புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி இல்லை.
வேப்பமரத்தின் சுற்றளவைக் கேட்டேன்.
ஒன்பதடி நாலங்குலம் என்றார் நைனா,
சங்கிலியைச் சேர்க்காமல்.