அளபெடை

ஓசூர் சாலையில் மருந்துக் குடோனுக்கு மேல்
இரண்டாம் மாடி.
ஏசி எப்போதும் பத்தொன்பதில்.
தாடையைத் தாங்க ஒரு ரப்பர் கிண்ணம்,
நெற்றிக்கு ஒரு பட்டை,
திரைக்கடியில் நமக்குத் தெரியாத வெளிச்சத்தை
உமிழ்ந்துகொண்டிருக்கும் கறுப்புக் குச்சி.

நீதிமன்றம் அனுப்பியவர் உட்கார்கிறார்.
கோப்பில் அவர் பதினேழு.
போட்டோ எடுக்கப்போகிறோம் என்பதுபோலக்
காலரைச் சரிசெய்கிறார்.
பசவப்ரபு படிவத்தைக் கன்னடத்தில் வாசிக்கிறார்.
எங்கே கையெழுத்து என்பது மட்டுமே கேள்வி.

திரையில் வருகிறவர்கள் எல்லோரும் உடுத்தியவர்கள்.
எவரும் பிறந்தவர்கள் இல்லை, கணினி வரைந்தவர்கள்.
நடுநடுவே நாற்காலி, வாளி, ஒரு தூங்குமூஞ்சி மரம்.
எவ்வளவு பிடிக்கிறது,
ஒன்றிலிருந்து ஏழுவரை சொல்லுங்கள் என்பேன்.
அது ஒரு சாக்கு.
அடுத்த படத்துக்கு விரல் நகரும்வரை
எவ்வளவு நேரம், அதுதான் வேண்டும் எனக்கு.
படிவத்தில் ஒன்பதாம் பத்தியில் இருக்கிறது.
யாரும் அதுவரை காது கொடுப்பதில்லை.

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
மாத்திரை என்றால் ஒருமுறை இமைக்கிற நேரம்.
பரீட்சைக்குப் படித்துத் தொலைத்த கணக்கு
நொடியில் ஆயிரத்தில் ஒன்றாகத் திரும்பிவந்து
மாதாமாதம் சம்பளம் தருகிறது.

மரம், எழுநூறு.
வாளி, அறுநூற்றுப் பத்து.
பிறகு ஒரு முகம்,
மூவாயிரத்து நானூறு.
அளபெடுத்துவிட்டது கண்.

ஓசை குறைந்த இடத்தை நிரப்ப நீளலாம்.
இனிமைக்காக நீளலாம்.
ஒரு சொல்லை இன்னொன்றாக்க நீளலாம்.
இலக்கணத்தில் மூன்றுக்கும் மூன்று பெயர்.
என் மென்பொருளில் ஒரே நிறம், சிவப்பு.
செத்துப்போன தங்கையின் சாயல் என்றாலும் சிவப்பு,
வந்த தும்மலை அடக்கினாலும் சிவப்பு.
ஒரு படம் எதுவும் சொல்லாது.
எண்பது படம் கொஞ்சம் சொல்லும்.
கொஞ்சம்தான்.

போன மாதம் வந்த பதினாலுக்கு
யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
டோல்கேட்டில் சில்லறை தள்ளுகிறவர் மாதிரி
எல்லாப் படத்தையும் ஒரே சீராய்த் தள்ளினார்.
எல்லாமே குறுகின உகரம்.
குற்றியலுகரத்தில் குற்றம் இல்லை, குறுமைதான் என்று
எனக்குள்ளே சிரித்துக்கொண்டு எழுதினேன்,
முடிவு சொல்ல இயலாது.
வக்கீல் இனாம்தார் போனில் கத்தினார்,
'அப்போ எதுக்கு மேடம் அந்த மெஷின்?'

இந்தக் கிண்ணத்தில் முதன்முதலாகத்
தாடை வைத்தவள் நான்.
ஒப்பிட்டுப் பார்க்க நாற்பது நல்லவர்கள் வேண்டியிருந்தது.
நல்லவர்கள் என்றால் வழக்கில்லாதவர்கள்.
என் சிவப்பு எங்கே விழுந்ததென்று
பசவப்ரபு பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அன்றிலிருந்து டீ வைக்கும்போது
மேசையைப் பார்த்தே வைக்கிறார்.

மாலை பஸ்.
பொம்மனஹள்ளியில் ஏறியவன்
என் தோளிலிருந்து கீழே இறக்கிய பார்வையை
சில்க் போர்டு தாண்டியும் எடுக்கவில்லை.
சிக்னலில் மட்டும் பதினோரு நிமிடம்.
கிண்ணமில்லை, பட்டையில்லை, படிவமில்லை.
என் முதுகுத்தண்டு அளந்துகொண்டது,
ஆயிரத்தில் ஒன்று பிசகாமல்.
இந்த அறிக்கையை எந்த நீதிமன்றமும் கேட்காது.
துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு
மடிவாளாவில் இறங்கினேன்.

எழுந்துபோகும்போது பதினேழு கேட்டது
இப்போதும் காதில் இருக்கிறது.
'நான் போட்ட மார்க்கெல்லாம் சரியா மேடம்?'

ராத்திரி எழுத உட்கார்கிறேன்.
சிவப்பு இருக்கிறது, இது முதல் வரி.
இருப்பதால் செய்தார் என்று ஆகாது,
இது இரண்டாவது.
முதல் வரியில் நின்ற நீதிபதியின் கண்
இரண்டாவதில்
எத்தனை மாத்திரை நிற்கும்?