சுண்ணாம்புக் கோட்டு வீடு

எர்ணாவூரில் இருபதுக்கு முப்பது மனை.
அஸ்திவாரம் தோண்டுவதற்கு முந்தின ஞாயிறு
இம்தியாஸ் சார் டப்பாவில் சுண்ணாம்புத்தூள் கொண்டுவந்து
வீட்டை மண்மேல் கோடாகப் போட்டுவிட்டு
"ஒரு பகல் இருந்து பாருங்க, சாயந்திரம் வரேன்"
என்று வண்டியைக் கிளப்பினார்.

இவருக்குச் சிரிப்பு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
அறுபதடி உயரத்தில், நாலு பக்கமும் கண்ணாடிக்குள்,
பகலெல்லாம் வானத்தில் உட்கார்ந்து இறங்குகிறவருக்கு
வீடென்றால் சுவர். ஒன்பதங்குலச் சுவர்.
எனக்குப் பதினோரு வருஷமாக
போர்டு குடியிருப்பின் ஒற்றை அறை.
மழை வந்துவிட்டது என்பதை
எதிர்வீட்டுக்காரி துணியை இழுக்கிற வேகத்தில்தான்
தெரிந்துகொள்வேன்.

பாய், தண்ணீர் கேன், எலுமிச்சை சாதம், கேரம்போர்டு.
குடிபோய்விட்டோம்.

எட்டு மணிக்கு மேற்கிலிருந்து மணலி வந்தது,
அடுப்பை அணைக்க மறந்த மாதிரி ஒரு வாடையாக.
ரூபன் மூக்கைப் பொத்திக்கொண்டு
மூன்று சுவர்களைத் தாண்டி ஓடினான்.
பிளானில் பென்சிலால் எழுதினேன்:
இந்தப் பக்கம் ஜன்னல் வேண்டாம்.
மாடிப்படியும் கக்கூசும் இங்கே நிற்கட்டும்,
மணலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பதினொன்றுக்கு வெயில்
ஹாலில் சம்மணம் போட்டது.
நாய் ஒன்று சமையலறையில் படுத்து,
தள்ளிப் போகச் சொன்னால் காதை மட்டும் ஆட்டியது.
நெத்திலி கொண்டுவந்த கோமளவல்லி அக்கா
எல்லாப் பக்கமும் திறந்து கிடக்க
சுற்றிக்கொண்டு வந்து
வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளியில்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.
"ஹால் சின்னதா இருக்கே" என்றாள்.

கிழக்கே எட்டடியைத் திறந்து விடலாம் என்று
மூன்று வாரமாகக் கேட்கிறேன்.
"காத்துக்கா லோன் கட்டறது?
அந்த எட்டடியில ஒரு ரூம் போட்டா வாடகை வரும்"
என்பது இவருடைய ஒரே பதில்.
இன்றைக்கு நான் கேட்கவில்லை.
ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர்
சாப்பிட்ட கையோடு பாயில் சாய்ந்துவிட்டார்.

இரண்டரை மணி.
முதலில் சாதம் கட்டியிருந்த பேப்பர் அசைந்தது.
அப்புறம் கேரம் பவுடர் பறந்தது.
அப்புறம் கடல், மொத்தமாக,
வீட்டுக்குள் வந்துவிட்டது.
தூக்கத்திலேயே இவர் புரண்டு புரண்டு
கிழக்கே நகர்ந்தார்.
தலை ஹாலில்.
இடுப்புக்குக் கீழே வீட்டுக்கு வெளியே.
இந்த ஆளை இப்படித் தூங்கிப் பார்த்து
எத்தனை வருஷம் ஆச்சு.

ஐந்தரைக்கு வந்த இம்தியாஸ் சார்
கிழக்குக் கோட்டைத் தேடினார்.
காற்று பாதி தின்றிருந்தது,
இவர் லுங்கியில் மீதி.
"இங்க சுவர்தானே?"
நான் வாயைத் திறப்பதற்குள்
"கதவு சார்" என்றார் இவர்.
"முழுசா மடக்கி ஓரமா தள்ளுற மாதிரி கதவு."
என் முகத்தைப் பார்க்கவில்லை.

சார் சுமைகளை அடுக்கினார்.
ஐப்பசி மழையும் இதே வழியாகத்தான் வரும்,
சன்ஷேடு நாலடி நீட்டணும்.
உப்புக்காற்றில் இரும்பு சேனல் ரெண்டு வருஷம் தாங்காது.
எண்ணெய் மிதந்த வெள்ளம் முட்டிவரை ஏறிய டிசம்பர்
ஞாபகம் இருக்கில்ல, தரையை மூணரை அடி தூக்கணும்.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தொகை.
இவர் உதடு கணக்குப் போட்டபடி இருந்தது,
கதவை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

ஆறரைக்குக் கொசு.
பக்கிங்காம் கால்வாய்
குடும்பத்தோடு கிளம்பி வந்திருந்தது.
கெண்டைக்காலில் அடித்துக்கொண்டே சார் எழுதினார்:
கொசுவலை, தனி எஸ்டிமேட்.

பாயைச் சுருட்டினோம்.
ஜெனிலா மட்டும் வரவில்லை.
பதிமூன்று வயசு.
தன் அறை என்று எழுதியிருந்த கட்டத்துக்குள் நின்று
வெறுங்காற்றில் கதவை இழுத்துச் சாத்தினாள்.
ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.
பிறகு
தாழ்ப்பாள் போட்டாள்.