பதினேழுக்கு மேல்

பங்குனி, இரண்டாம் சனி. நீடாமங்கலம்
மனமகிழ் மன்றத்து மாடியில்
ஏழு மேசை, நாற்பத்திரண்டு பேர்,
தலைக்கு ஐந்நூறு.
முதல் பரிசு பத்தாயிரமும் ஒரு சுவர்க்கடிகாரமும்.
நூற்றொன்றைத் தொட்டவன் எழுந்து போக வேண்டும்.

கொள்முதல் நிலையத்தில் நான் பட்டியல் எழுத்தர்.
சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி நெல் அள்ளி
கருவியில் கொட்டி எண்ணைப் படிப்பேன்.
பதினேழுக்கு மேல் என்றால்
முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுவேன்:
"காயவச்சு எடுத்துட்டு வாங்க."
இந்தக் கையா சீட்டுக்கட்டில் தோற்கும்
என்றுதான் படியேறினேன்.

முதல் ஆட்டம் என்னுடையது.
வந்ததே ரெண்டு ஜோக்கர். ஆறாம் சுற்றில் டிக்.
அந்த ஜெயம்தான் முதல் தப்பு.
மேசைக்கே டீ சொன்னேன், யாரும் கேட்காமல்.

இரண்டாவது கை:
மூன்று ராஜா, ரெண்டு ராணி, ஓர் ஆஸ்,
மீதியெல்லாம் ஊருக்கொன்று.
அப்போதே கீழே வைத்திருந்தால்
இருபதோடு போயிருக்கும்.
ராஜாக்களின் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலு சுற்று கழித்தாவது
நாற்பதைக் கொடுத்து விலகியிருக்கலாம்.
இவ்வளவு கொடுத்தாயிற்று, இனி வராமலா போகும்
என்று உட்கார்ந்திருந்தேன்.
மரியதாஸ் டிக் அடித்தான்.
டிராக்டர் மெக்கானிக், நகக்கண்ணில் கிரீஸ்.
என் கையில் லைஃப் இல்லை.
எண்பது.
மழையில் ஊறிய சிப்பத்தை
நானே எடைபோட்டு, நானே கையெழுத்திட்டு
லாரியில் ஏற்றியிருக்கிறேன்.

மூன்றாவதைப் பிரித்தால்
கிளாவரில் நாலு, ஐந்து, ஆறு. பிறக்கும்போதே லைஃப்.
பக்கத்தில் ஒரு ஜோக்கர்.
டைமனில் ஒன்பதும் பத்தும் தோளுரசி நின்றன.
கடித்தால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்த கை.
எனக்கோ உள்ளங்கையில் வியர்வை.
ஆடித் தோற்றால் வெளியே.
வைத்துவிட்டால் நூறுதான், நாற்காலி மிஞ்சும்.
வைத்துவிட்டேன்.
எனக்கு வரவேண்டியிருந்த சீட்டை
அடுத்திருந்த கூத்தாநல்லூர் ஜபருல்லா உருவி,
பார்த்து, உதவாது என்று போட்டார்.
டைமன் ஜாக்கி.

அந்த நேரத்தில் ஏன் வேம்பையன் ஞாபகம் வந்தாரோ.
மாசியில், ரிஷியூரிலிருந்து அறுபது மூட்டை.
பதினேழு புள்ளி நாலு.
கருவி கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்,
எனக்குத் தெரியும்.
திருப்பினேன்.
அன்று ராத்திரி மழை.

நூறில் இருப்பவனுக்கு விலகும் வழி கிடையாது.
அதனாலோ என்னவோ நாலாவது கையை
நன்றாகவே ஆடினேன், கடைசிச் சீட்டு வரைக்கும்.
மரியதாஸ் இஸ்பேட் ஏழை எடுத்துச் செருகியதைப்
பார்த்தேன்.
பார்த்துவிட்டு இஸ்பேட் எட்டைப் போட்டேன்.
என் கையில் அது தனியாக நின்றது,
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த நியாயம்.
அவன் கையிலும் ஏதோ ஒன்று
துணைக்குக் காத்திருக்கும் என்பது
கடைசிவரை உறைக்கவில்லை.
எட்டை எடுத்தான். டிக்.
எனக்கு ரெண்டே புள்ளி. நூற்றிரண்டு.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
அடுத்த ஆட்டத்துக்குக் கட்டை வெட்டினான்.

கீழே வந்தால் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது.
இந்த ஊரில் அது செய்தியே இல்லை.
பைக்கை அணைத்தேன்.
சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து நுழைந்தான் ஒருவன்.
நான் நின்றேன்.
சரக்கு வண்டி வந்தது. பெட்டிகளை எண்ணத் தொடங்கி
பத்தொன்பதில் விட்டுவிட்டேன்,
எட்டைப் போட்ட கை ஞாபகத்தில் குறுக்கிட்டு.
எந்தப் பெட்டியிலோ நான் கையெழுத்திட்ட நெல்.
எதிலும் இல்லை வேம்பையனுடையது.

திங்கட்கிழமை முதல் வேலை,
என் கருவியை மன்னார்குடிக் கருவியோடு
ஒரே பிடி நெல்லில் வைத்துப் பார்க்கவேண்டும்.
சித்திரையில் மறுபடி ஆட்டம் என்று
படியிலேயே பலகை மாட்டியிருந்தார்கள்.
சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு எடுத்து
பைக்கின் காகித உறைக்குள் தனியாகச் சொருகினேன்.
அது ஐந்தாவது தப்பாகவும் இருக்கலாம்.
கேட் ஏறியது.
ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஹாரன்.