சானல்கரை மனு

பதினோராவது மனுவுக்கு ரசீது வாங்கிக்கொண்டு
கலெக்டர் ஆபீஸ் படியிறங்கும்போது
எதிர்ச்சுவரில் தோள்சீலைப் போராட்ட விழாச் சுவரொட்டி.
ஓரத்தில் எங்கள் கவுன்சிலர்
கைகூப்பிச் சிரிக்கிறார்.

"எஸ்தர்பாய், தேதிய மட்டும் மாத்து.
மிச்சமெல்லாம் அப்படியே கெடக்கட்டு."
இது ரெத்தினதாஸ் அண்ணன்.
மத்தியானம் வரை குப்பைவண்டி,
அப்புறம் சங்கச் செயலாளர்.
மாற்ற என்ன இருக்கிறது?
சுடுகாட்டுப் பாதையில்
கல்யாண மண்டபம் கேட் போட்டிருக்கிறது.
சானல்கரையில் செத்தவர்கள்
இடுப்பளவு தண்ணீரில் போய்ச்சேருகிறார்கள்.

மற்றபடி குறையில்லை.
கோயிலில் யாரும் தடுப்பதில்லை.
டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாஸ்.
"இன்னுமா சாதி பாக்காவ?" என்று கேட்பவரிடம்
எங்கிருந்து தொடங்க என்று நான் தேடுவதற்குள்
அவருக்குத் தக்கலை பஸ் வந்துவிடுகிறது.

ஐசக் தவமணியை ஜெயிக்க வைத்தது நாங்கள்.
போஸ்டருக்குப் பசை காய்ச்சியது
என் வீட்டு அடுப்பில்.
இப்போது அவர் மேசைமேல் கண்ணாடி,
அதனடியில் எங்கள் முதல் கூட்டத்தின் போட்டோ.
"பொறுங்க மக்கா, உள்ள இருந்துதான் செய்யணும்."
உள்ளே எவ்வளவு தூரம் என்று
அவர் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் பாக்கியம் சித்தியின் மகன் போனான்.
கால் வழுக்கி, நாலுபேர் கையிலிருந்து
சானல் அவனை ஒருமுறை வாங்கிக்கொண்டு
திரும்பத் தந்தது.

பதினாறு கழிந்த மறுநாள்
மூங்கில் வெட்டிப் பாடை கட்டினோம்.
மேலே ஆள் இல்லை.
வடசேரி வழியே மாநகராட்சிக்கு நடந்தோம்.
கோஷம் இல்லை,
அண்ணனுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது.
பஸ்கள் ஒதுங்கின.
கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.
யாரு என்று கேட்டவர்களிடம்
"இனிமேத்தான்" என்றாள் சித்தி.

தவமணி செருப்பில்லாமல் ஓடிவந்தார்.
ஒரு வார்த்தை பேசாமல்
முன்மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்.
நாலடி வைத்தபின்தான்
கனமில்லை என்று தெரிந்திருக்கும்.
இறக்கவும் முடியாமல்
போட்டோக்காரன் முன்னால் நின்றார்.
இறக்கச் சொல்லி
நாங்களும் சொல்லவில்லை.

புதன்கிழமை கேட் திறந்தது.
வெள்ளிக்கிழமை முகூர்த்தம்,
கார் நிறுத்த இடம் காணாது என்று பூட்டினார்கள்.

பாடை என் வீட்டுப் பின்சுவரில் சாய்ந்திருக்கிறது.
நனையாமலிருக்க
சிமெண்ட் சாக்கு போட்டிருக்கிறேன்.
பன்னிரண்டாவது மனுவில்
அண்ணன் சொன்னபடி தேதியை மாற்றினேன்.
அடியில், இணைப்பு என்ற இடத்தில்,
அவரிடம் கேட்காமல் எழுதினேன்:
பாடை, ஒன்று.