பச்சை அம்பு

காலை ஏழே முக்காலுக்கு
முதலில் படுக்க வைப்பது
ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பை.
பிசினுக்குள் நாலு கணு, ஒரு செங்கல் கனம்.
இயந்திரத்தின் கை அதன்மேல் போய்வந்து
நேற்றைய எண்ணையே சொல்ல வேண்டும்.
சொன்னால்தான் அன்றைக்கு மனிதர்கள்.
மதுரையில் வயதாகாத முதுகு
எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.
கோரிப்பாளையம் சிக்னலில் தினமும்
என்னுடையது அரைமணி நேரம் தேய்கிறது.

ஆய்வு எண் நாற்பத்தாறு.
கோப்பில் பெயர் எழுதக் கூடாது.
கதவருகே நின்று கூப்பிட எண் போதாது:
ஒச்சம்மா.
கருமாத்தூர்ப் பக்கம்
கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர்.
ஆறு மாதத்துக்கொரு முறை வருவார்.
கைநாட்டு, பஸ் காசு, வெள்ளை மாத்திரை டப்பா.
உள்ளே இருப்பது மருந்தா, வெறும் மாவா?
எனக்குத் தெரியாது.
டாக்டர் ஜெபசீலிக்கும் தெரியாது.
சென்னையில் பூட்டி வைத்த ஒரு கணினிக்குத் தெரியும்.
"அப்ப நீங்களும் கண்ணக் கட்டிக்கிட்டுத்தானா தம்பி"
என்று முதல் நாளே சிரித்தார்.

தாலியில் நாலு ஊக்கு.
ஊக்குகளைக் கழற்றி என் டப்பாவில் போடுவார்.
தாலியைக் கழற்ற மாட்டார்,
தோளுக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு படுப்பார்.
"இத எலும்போட சேத்து எண்ணிராதீக."

பன்னிரண்டாம் மாதப் படம்
கரிச்சுவரில் சுண்ணாம்பு இழுத்தது போல
மேலிருந்து கீழாக வந்தது.
முதல் கணு அப்படியே.
மூன்றும் நான்கும் அப்படியே.
இரண்டாவதில் மட்டும்
பதினோரு சதவீதம் ஏற்றம்,
பக்கத்தில் ஒரு பச்சை அம்பு.

பயிற்சிக்கு வந்த இர்ஃபான் கைதட்டியே விட்டான்.
"சார், இவங்களுக்கு மருந்துதான் சார்!"
எனக்கும் ஒரு நொடி இனித்தது.
பச்சை யாருக்குத்தான் பிடிக்காது.

பிறகுதான்
மகளின் பள்ளிக்கூட ஸ்கேலைத் திரையில் வைத்தேன்.
அதே சுண்ணாம்பு, குறைந்த இடம்.
போன வருடம் நின்றிருந்த கணு
இந்த வருடம் குந்தியிருந்தது.
உசிலம்பட்டி பஸ்ஸில்
மூவர் சீட்டில் ஐவர் நெருங்கினால்
ஜனத்தொகை கூடிவிட்டது என்று ஆகுமா?
இயந்திரத்துக்கு அடர்த்தி தெரியும்,
நொறுங்கியது தெரியாது.

சுவரோரம் நிற்கவைத்து உயரம் பார்த்தேன்.
ஒன்றரை சென்டிமீட்டரைக் காணோம்.
"சுவத்த ஏத்திக் கட்டிட்டீகளா?"

எங்கயாவது விழுந்தீங்களாம்மா?

"விழுகலயே."
யோசித்தார்.
"ஆவணியில மூணு நாளைக்குள்ள ஏழு முகூர்த்தம்.
சாம்பார் அண்டாவ இறக்கயில
டக்குன்னு ஒரு சத்தம்.
போச்சுடா, அண்டா ஒடுங்கிருச்சு,
சம்பளத்துல பிடிச்சிருவாகளேன்னு
தடவித் தடவிப் பாத்தேன்.
அண்டாவுக்கு ஒண்ணும் ஆகல."

படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
மருந்தோடு தொடர்பு உண்டு,
இல்லை,
அறிய இயலாது.
அண்டா கொள்ளும் லிட்டரை எழுத
கட்டம் இல்லை; ஓரத்தில் எழுதினேன்.
இரண்டாவது கணுவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறது விதி.
எடுத்தால் மற்ற மூன்றின் சராசரியில்
ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை,
ஆவணி மாதமே வரவில்லை.

ஊக்குகளை எண்ணிக் கொடுத்தேன்.
கோத்துக்கொண்டே காகிதத்தை எட்டிப் பார்த்தார்.
"அந்தப் பச்சை நல்லதா தம்பி?"
இல்லம்மா.
"அப்ப அழிச்சிருங்களேன்."

ஆய்வில் எதையும் அழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு மட்டும் போடலாம்.
அடித்தது அடியில் படிக்கத் தெரிய வேண்டும்,
பக்கத்தில் கையெழுத்து, தேதி.

போட்டேன்.
தேதி எழுதும்போது பார்த்தேன்,
கோட்டுக்குக் கீழே அம்பு
மேலே பார்த்தபடியே இருந்தது.